பல் எடுத்த காரணம்

ஜூன் 12

அன்புள்ள மைக் மாமாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் நீங்கள் எழுதப் போவதில்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? இந்தத் தடவையாவது ‘அப்படியேதான்’ என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல் விவரமாக எழுதுங்கள்.

கடைசி வருடம் தொடங்கிவிட்டது. பல் மருத்துவத்தில் பாடம்தான் கஷ்டம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஆள் பிடிப்பதுதான் கஷ்டம். டிசம்பர் பரீட்சையில் முழு பல்செட் கட்டிக் காட்ட வேண்டும். அதற்கு வாயில் ஒரு பல்கூட இல்லாத நோயாளியை நாங்களே தேடிக் கொண்டுவர வேண்டும், கல்லூரி தராது. ஆள் இல்லையென்றால் பரீட்சை இல்லை, ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி. நாற்பது பேர் ஊரெல்லாம் சுற்றுகிறோம். பூங்காவில் வயதானவர் யாராவது கொட்டாவி விட்டால் மூன்று பேர் எட்டிப் பார்க்கிறோம். நேற்று ஒரு பெரியவரின் பின்னாலேயே தெருமுனை வரை போனேன். அவர் திரும்பிச் சிரித்தார், உள்ளே முப்பத்திரண்டும் பளிச்சென்று இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் அறைத்தோழி அவளுடைய பெரியப்பாவை வரவழைத்து இப்போதே பக்கத்துத் தெருவில் தங்க வைத்துவிட்டாள். கொடுத்து வைத்தவள். உங்களுக்கு மட்டும் அந்த ஆறு பல் இல்லாமல் இருந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். மேலே நாலு, கீழே இரண்டு. இரண்டாம் வருட லீவில் நானே தட்டிப் பார்த்தேன், ஆறும் சிமெண்டு வைத்துப் பூசிய மாதிரி நிற்கிறது. விளையாட்டுக்குத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தொண்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒலிபெருக்கியில் கூப்பிடாவிட்டால் உங்கள் பேருந்து நிலையத்தில் ஒரு வண்டியும் கிளம்பாது.

உங்கள் தெத்துப்பல்


ஜூன் 20

அருமை மருமகளுக்கு மாமா எழுதுவது.

இங்கு இருவரும் சுகம். உன் அம்மாவின் முழங்கால் அப்படியேதான். விவரம் கேட்டிருந்தாய்: படி ஏறும்போது என்னைத் திட்டுகிறாள், இறங்கும்போது உன்னைத் திட்டுகிறாள். அவள் பேனா எடுக்க மாட்டாள் என்பது உனக்குத் தெரியும். ஆகையால் அவள் சொல்வதும் நான் சொல்வதும் ஒரே கையெழுத்தில்தான் வரும், நீயே பிரித்துக்கொள்.

முப்பது வருடமாக இந்த மைக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஜனங்களின் கால்களைத்தான் பார்த்திருக்கிறேன், எந்தக் கால் எந்த வண்டிக்கு ஓடுகிறது என்று. உன் கடிதம் வந்ததிலிருந்து வாயைப் பார்க்கிறேன். இரண்டு பேர் அகப்பட்டார்கள். ஒருவர், “இப்படியே நல்லாத்தான் இருக்கு, எதுக்கு வம்பு” என்று போய்விட்டார். இன்னொருவர் பல்செட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

ஒரு சந்தேகம். எங்கள் டிப்போ மேனேஜருக்குச் சில பற்களை எடுக்க வேண்டியிருக்கிறதாம். எடுத்தால் ஈறு ஆற எத்தனை நாள் ஆகும்? எப்போது செட் கட்டலாம்? பேச்சு பழையபடி வருமா? உன்னிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்.

வேளைக்குச் சாப்பிடு. ஆள் கிடைப்பார், மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

மாமா


ஜூன் 29

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நினைத்துக்கொள்கிறேன்.

மேனேஜருக்குச் சொல்லுங்கள்: மூன்று மாதம். ஜூலை முதல் வாரத்துக்குள் எடுத்துவிட்டால் செப்டம்பர் கடைசியில் ஈறு நன்றாக ஆறியிருக்கும். அக்டோபரில் அச்சு எடுக்கலாம், டிசம்பருக்குக் கச்சிதமாக இருக்கும். அதைத் தாண்டினால் கஷ்டம். பேச்சு முதலில் குழறும். ச, ஸ வரும் இடத்தில் காற்று போகும். செட்டை நன்றாகக் கட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எனக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. வகுப்பில் இருபத்தாறு பேருக்குக் கிடைத்துவிட்டது. கிளினிக்குக்கு ஓட வேண்டும், மற்றவை பிறகு.

தெத்துப்பல்


ஆகஸ்ட் 9

அருமை மருமகளுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் எழுதாமல் இருந்துவிட்டேன். பயப்பட ஒன்றுமில்லை. தொண்டையில் சிறு தொந்தரவு, இரண்டு வாரம் விடுப்பு. உன் அம்மா சோற்றைக் குழைத்து, மசித்து, ஆற வைத்துத் தருகிறாள். தட்டை வைக்கும் சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாக இருக்கிறது. எதற்குக் கோபம் என்று கேட்டால் முழங்கால் வலி என்கிறாள்.

நான் இல்லாத நாட்களில் டிக்கெட் கவுண்டர் பையன்கள் மாறி மாறி மைக்கில் பேசினார்களாம். வடக்கே போகிறவர்கள் தெற்கு வண்டியில் ஏறி, பாதி வழியில் இறங்கிச் சண்டை. கேட்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

செப்டம்பர் கடைசியில் உன்னைப் பார்க்க அங்கே வரலாம் என்றிருக்கிறேன். ஒன்று காட்ட வேண்டும். இப்போதே கேட்காதே, சொன்னால் சுவாரசியம் போய்விடும். ஆள் கிடைக்கவில்லையே என்று அலையாதே. எல்லாம் நடக்கும்.

மாமா


ஆகஸ்ட் 16

அன்புள்ள மைக் மாமாவுக்கு,

தொண்டை எப்படி இருக்கிறது? வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள்.

ஆள் கிடைத்துவிட்டார் மாமா. துணிக் கிடங்கில் காவல்காரர், அறுபத்தெட்டு வயது, வாயில் ஒன்றுகூட இல்லை. ஈறு இரண்டு பக்கமும் மேடாக, வழுவழுவென்று, பாடப் புத்தகத்தில் வரைந்த மாதிரி இருக்கிறது. அவரைப் பார்த்த அன்று எனக்குப் பசியே எடுக்கவில்லை. என்னை ‘டாக்டரம்மா’ என்று கூப்பிடுகிறார். வாரத்துக்கு இரண்டு நாள் வந்து, நான் சொல்வதற்கு முன்பே வாயைத் திறந்து உட்கார்ந்துகொள்கிறார். என் கவலை விட்டது.

ஆகையால் நீங்கள் செப்டம்பரில் அலைய வேண்டாம். உடம்பு வேறு சரியில்லை, எனக்கும் பரீட்சை வரை மூச்சு விட நேரமில்லை, வந்தாலும் உங்களோடு உட்கார முடியாது. ஜனவரியில் நானே வருகிறேன். காட்ட வேண்டியதை அப்போது காட்டுங்கள்.

அம்மாவிடம் ஆள் கிடைத்த செய்தியை முதலில் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

உங்கள் தெத்துப்பல்


செப்டம்பர் 21

அருமை மருமகளுக்கு மாமா எழுதுவது.

சுகம். உன் கடிதம் கிடைத்து நாளாயிற்று. ஆள் கிடைத்ததில் மகிழ்ச்சி. அன்றே உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். சந்தோஷத்தில் சிலர் அப்படித்தான்.

நீ சொன்னபடி நான் வரவில்லை. காட்ட வேண்டியது அப்படி ஒன்றும் பெரிதில்லை.

இங்கே ஒரு மாற்றம். மைக்குக்குப் பதில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் ஒரு பெண் குரல் வண்டி எண்ணையும் நேரத்தையும் சொல்கிறது. தேன் மாதிரி குரல். வண்டி தாமதம் என்றால் மட்டும் அதற்கு ஒன்றும் தெரியாது, இல்லாத வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். என்னைத் தவறிய பொருள் கவுண்டருக்கு மாற்றிவிட்டார்கள். நானே கேட்டு வாங்கிக்கொண்டதுதான். குடை, சாப்பாட்டுப் பாத்திரம், ஒற்றைச் செருப்பு எல்லாம் வருகிறது. ஒற்றைச் செருப்போடு மனிதன் எப்படி வீடு போய்ச் சேர்ந்தான் என்று யோசித்தால் பொழுது போய்விடுகிறது.

காவல்காரரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். நன்றாகப் படி.

மாமா

(கடிதத்தின் அடியில், வேறு கையெழுத்தில், கோணலாக:) ஒரு தடவ வந்துட்டுப் போ. அம்மா.


டிசம்பர் 18

மாமாவுக்கு,

பரீட்சை முடிந்துவிட்டது. நன்றாக நடந்தது. தூக்கம்தான் பாக்கி. அம்மா தன் கையால் எழுதியிருந்ததைப் பார்த்து ஆச்சரியம். அதற்கு உடனே பதில் போடாததற்கு மன்னிக்கச் சொல்லுங்கள். எப்போது வருவேன் என்று பிறகு எழுதுகிறேன்.

தெத்துப்பல்


ஜனவரி 6

அருமை மருமகளுக்கு,

சுகம். உன் நான்கு வரிக் கடிதத்தை நாற்பது பேருக்குக் காட்டிவிட்டேன். டிப்போ மேனேஜர் இப்போதே தன் கடைவாய்ப் பல்லைப் பற்றி உன்னிடம் கேட்கச் சொல்கிறார். ஒரு பல்லும் எடுக்காத மனிதர் அவர், முப்பத்திரண்டையும் வைத்துக்கொண்டு எல்லோரையும் கடிக்கிறார்.

ஒன்று மட்டும் உறுத்தியது. ஆகஸ்டிலிருந்து கடிதத்துக்குக் கடிதம் காவல்காரர் என்று எழுதுவாய் என நினைத்தேன். பரீட்சை முடிந்த கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புதுப் பல்லில் அவர் எப்படிச் சிரித்தார் என்று எழுதியிருக்கலாம்.

நேரம் கிடைத்தால் வா. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

மாமா


ஜனவரி 30

அன்புள்ள மாமாவுக்கு,

வந்த மூன்று நாளும் உங்களிடம் பேச முடியாததை எழுதுகிறேன். நேரில் என்றால் நீங்கள் ஏதாவது வேடிக்கை சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவீர்கள்.

முதலில் என் பொய். நான் தேறவில்லை மாமா. பரீட்சை அன்று காவல்காரர் வரவில்லை. மகளுக்குப் பிரசவ வலி என்று விடியற்காலையில் வண்டி ஏறிவிட்டாராம், சொல்லி அனுப்ப அவருக்கு ஆள் இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு மகள் பெரிதா நான் பெரிதா? காலி நாற்காலிக்குப் பக்கத்தில் கையுறை போட்டுக்கொண்டு பதினோரு மணி வரை நின்றேன். பரீட்சை எடுக்க வந்த பேராசிரியர் என் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார். உங்களிடம் சொல்ல வெட்கம். அதனால் நான்கு வரி எழுதினேன்.

பிறகு ஊருக்கு வந்தேன். வண்டியிலிருந்து இறங்கியதும் உங்களைத்தான் தேடினேன். கவுண்டருக்குப் பின்னால் யாரோ ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, குடையைத் தொலைத்த ஒருவருக்கு ஜாடையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டி, மூக்கும் முகவாயும் நெருங்கிப் போயிருந்தது. ஐந்து வருடம் இதைப் படித்திருக்கிறேன், அந்த முகம் எதனால் அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். நீங்கள்தான் என்று தெரிய மட்டும் நேரமாயிற்று.

‘ஆடிச்சும்மா, எடுத்துட்டேன்’ என்று நீங்கள் சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன். நீங்கள் வேலைக்குப் போன பிறகு அம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஜூலை இரண்டாம் தேதி நீங்கள் டாக்டரிடம் போனதை, நல்ல பல்லை எடுக்க மாட்டேன் என்று அவர் திருப்பி அனுப்பியதை, வலி தாங்கவில்லை என்று மூன்று நாள் அங்கேயே போய் உட்கார்ந்ததை. ஒரே நாளில் ஆறு. என்னிடம் சொன்னால் உங்களை உயிரோடு பார்க்க முடியாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியதை. விடுப்பு முடிந்து நீங்கள் மைக்கில் பேசியபோது ஜனங்கள் சிரித்ததையும், அடுத்த வாரமே அந்தப் பெட்டி வந்ததையும்கூடச் சொன்னாள். “செப்டம்பர்ல கெளம்பறதுக்குச் சட்டையெல்லாம் தேச்சு வச்சிருந்தாருடி. உன் காயிதம் வந்ததும் மடிச்சுப் பெட்டியில வச்சுட்டாரு” என்றாள்.

டிசம்பரில் அந்த நாற்காலி காலியாக இருந்தபோது என் நோயாளி ஊரில் உட்கார்ந்து ஒற்றைச் செருப்புக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். ஏன் மாமா சொல்லவில்லை? ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே. என் மேல் எனக்கு வருகிற கோபத்தை உங்கள் மேல் காட்டுகிறேன், தெரிகிறது.

ஜூனில் மறு பரீட்சை. வருவீர்களா? உங்கள் வாயைத் தொட எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

தெத்துப்பல்


பிப்ரவரி 7

அருமை மருமகளுக்கு,

சுகம். உன் அம்மாவின் வாயில் ரகசியம் ஆறு மாதம் தங்கியதே பெரிது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். ஆகஸ்டில் நீ அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தாய், அந்தக் கடிதத்துக்குப் பதிலாக இதை எப்படி எழுதுவது? டிசம்பரில் நீ ஏன் சொல்லவில்லையோ, அதேதான்.

வருகிறேன். எத்தனை தடவை வர வேண்டுமோ அத்தனை தடவை வருகிறேன். சட்டை தேய்த்தபடியே இருக்கிறது.

பரீட்சைத் தாளில் பல் எடுத்த காரணம் என்று ஒரு கட்டம் இருக்குமாமே, டாக்டர் சொன்னார். அதில் ‘ஆடியதால்’ என்று எழுதிக்கொள். வேறு எதையும் எழுதி வைக்காதே.

மாமா


ஜூன் 14

அன்புள்ள மாமாவுக்கு,

வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நேற்றுப் பொருத்திய செட் எங்காவது அழுத்துகிறதா? இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். புண்ணானால் கழற்றிவிட்டு எனக்கு எழுதுங்கள், மறைக்காதீர்கள்.

தேறிவிட்டேன். பலகையில் என் எண்ணைப் பார்த்ததும் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது, ஆனால் சீக்கிரம் போய்விட்டது.

பரீட்சை அன்றைக்கு நீங்கள் நாற்காலியில் இருந்ததால் சுற்றி நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது. மெழுகில் அடுக்கிய பல்லை உங்கள் வாயில் வைத்ததும் பேராசிரியர், “பேசச் சொல்லும்மா” என்றார். ‘ஸ’ சரியாக வருகிறதா என்று பார்க்க எல்லோரையும் இங்கிலீஷில் அறுபதிலிருந்து எழுபது வரை எண்ணச் சொல்வோம், உங்களையும் அதைத்தான் சொன்னேன். நீங்கள் மூச்சை இழுத்து, “பயணிகள் கவனத்துக்கு. ஐந்து பதினைந்துக்குச் செல்லும் வண்டி மூன்றாவது மேடையில் தயாராக உள்ளது” என்றீர்கள். கூடம் முழுக்க அப்படியே நின்றது. மூன்றாவது நாற்காலியில் வாயில் அச்சோடு இருந்த பெரியவர் எழுந்து தன் பையைத் தேட ஆரம்பித்தார், அவரை உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பேராசிரியர் முதல் தடவையாகச் சிரித்தார். “ச-வில் கொஞ்சம் சீட்டி அடிக்குது, முன்பல்லை ஒரு நூல் உள்ளே தள்ளு” என்றார். தள்ளினேன். அப்புறமும் அடிக்கிறது மாமா, நேற்றும் கேட்டேன். எவ்வளவு தள்ளினாலும் அது போகாது போலிருக்கிறது.

பிறகு என் தாளைப் படித்தார். “ஆறும் ஒரே நாளில் எடுத்திருக்கு. எதுக்கு?” என்று கேட்டார். “ஆடிச்சு சார்” என்றேன். நீங்கள் வாயைத் திறந்தபடியே தலையை ஆட்டினீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் டாக்டரானது அந்தக் கட்டத்தில் எழுதிய பொய்யால்.

இன்னொரு பொய்யும் இருக்கிறது, அதை இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன். போன ஜூனில் உங்கள் ஆறு பல்லைப் பற்றி எழுதியது விளையாட்டுக்கு இல்லை. எழுதிவிட்டுப் பயந்துபோய்த்தான் ‘விளையாட்டுக்கு’ என்று சேர்த்தேன். நீங்கள் மேனேஜருக்கு என்று கேட்டபோது யாருக்கு என்று எனக்கு ஒரு நொடியில் பட்டது. கேட்கவில்லை. கேட்டால் தடுக்க வேண்டியிருக்கும். மூன்று மாதம் என்று தேதி போட்டுக் கொடுத்தேன். பிறகு காவல்காரர் கிடைத்ததும் அதை நினைக்காமல் இருக்கப் பழகிவிட்டேன். அம்மா கையால் எழுதிய வரிக்குப் பதில் போடாததும் அதனால்தான்.

இதைப் படித்த பிறகு என்னைத் தெத்துப்பல் என்று கூப்பிடத் தோன்றாவிட்டால் கூப்பிட வேண்டாம்.

உங்கள் மருமகள்


ஜூன் 22

என் தெத்துப்பல் டாக்டருக்கு மாமா எழுதுவது.

இருவரும் சுகம். செட் கீழே இடது பக்கம் கொஞ்சம் அழுத்துகிறது. மறைக்கவில்லை, எழுதிவிட்டேன்.

நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். ‘டிசம்பருக்குக் கச்சிதமாக இருக்கும்’ என்று எழுதியிருந்தாய். மேனேஜருக்கு டிசம்பரில் என்ன பரீட்சை? அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் டாக்டரிடம் போனேன். ஆகையால் நீ என்னை ஏமாற்றியதாக நினைக்காதே. இரண்டு பேருக்கும் தெரிந்துதான் நடந்தது.

வருத்தமே இல்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். பல்லுக்காக இல்லை, மைக்குக்காகக் கொஞ்சம் உண்டு. அதைவிட, ‘மாமா, எடுத்துக்கிறீங்களா’ என்று நீ நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எடுத்திருப்பேன், ஆகஸ்டில் காவல்காரர் வந்தபோது, ‘ஏற்கெனவே எடுத்தாச்சும்மா, அவரை விட்டுவிடு’ என்று உரிமையாகச் சொல்லியிருப்பேன். கேட்காமல் கொடுத்ததால் சொல்லவும் வாய் வரவில்லை. அது என் தப்பும்தான்.

நேற்று கவுண்டருக்கு ஒரு பல்செட் வந்தது. யாரோ தண்ணீர்க் குழாய் மேடையில் கழற்றி வைத்துவிட்டு வண்டி ஏறப் போய்விட்டார்கள். மற்ற பொருளென்றால் சீட்டு எழுதி வைத்துவிடுவேன். இதை வைக்க மனம் வரவில்லை, அது இல்லாமல் எப்படி இருக்கும் என்று தெரியுமே. அந்தப் பெட்டிக்கு வண்டி எண் மட்டும்தான் தெரியும். வெளியே வந்து மேடை மேல் ஏறி நின்று, கையைக் குவித்து, வாயாலேயே கூப்பிட்டேன். “பல்செட்டைத் தவறவிட்ட பயணி உடனே வரவும்.” இருந்த ஒரே ச-விலும் சீட்டி அடித்தது. நாலு பேர் சிரித்தார்கள். ஓடும் வண்டியிலிருந்து ஒரு கிழவர் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார்.

அவர் போன பிறகு, குழந்தையோடு நின்றிருந்த ஒரு பெண் கிட்டே வந்து என் முகத்தையே பார்த்தாள். “முன்னாடி மைக்ல பேசுவாரே ஒருத்தரு, அவரு உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டாள்.

அண்ணன் என்று சொல்லிவிட்டேன்.

மாமா